கலப்புக் கற்றலும் ஆங்கிலச் சொற்பேறும்: நிகண்டு நெறி நோக்கிய ஆய்வு

அயன்மொழி கற்பார்க்கு இலக்கணமே அரிது என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. ஆயினும் அவர்களை இடைவழியில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் சொற்பஞ்சமே. இலக்கணப் பிழை மலிந்த தொடரையும் கேட்பவன் ஒருவாறு உணர்ந்துகொள்வான்; சொல்லே வாராதவிடத்து உணர்தற்கு யாதுமில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் பயின்று கல்லூரி புகும் மாணவர் பலர், ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கூற இயலாது திகைத்தற்குக் காரணம் இதுவே. இக்குறையைப் போக்க அண்மைக் காலத்தில் கைக்கொள்ளப்படும் நெறிகளுள் ஒன்று கலப்புக் கற்றல். ஆசிரியர் நேர்நின்று நடத்தும் பாடமும், இணையவழி வரும் பாடமும், மாணவன் தன் வேளையில் தானே செய்யும் பயிற்சியும் ஒன்றோடொன்று இயையுமாறு அமைத்தல் என்பது அதன் பொருள். இம்மூன்றனுள் எதனிடம் எப்பணியை ஒப்படைப்பது என்னும் வினாவையே ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

தமிழாய்வு இதழில் ஆங்கிலச் சொற்கல்விக்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். சொல்லை யாங்ஙனம் கற்பித்தல் என்பது பற்றித் தமிழ் மரபு ஆழ்ந்து சிந்தித்துள்ளது. அச்சிந்தனை இவ்வினாவிற்கு நேராகவே விடை தருகின்றது என்பது எம் கருத்து.

ஆராய்ச்சி வெற்றுரையாகாவண்ணம் ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொள்வோம். கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள பேரூர். சுற்றிலும் நெல்லும் நிலக்கடலையும் விளையும் சிற்றூர்கள். திருவண்ணாமலை நகரில் இரமணாசிரமத்தை நாடி அயல்நாட்டார் வருதலால், ஆங்குள்ள கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் தமக்கு வேண்டும் அளவிற்கு ஆங்கிலச் சொற்களைப் பழக்கத்தாலேயே பெற்றுள்ளனர். அருகிலுள்ள கீழ்பென்னாத்தூர்ப் பகுதி மாணவனுக்கு அவ்வாய்ப்பு அரிது. பள்ளி வாயிலைக் கடந்தபின் ஆங்கிலம் அவன் செவியில் தொடராக விழுவதில்லை. பஸ், கரண்ட், லேட், ரீசார்ஜ் எனத் தமிழ்த் தொடரினுள் அமைந்த தனிச்சொல்லாகவே விழுகின்றது. அவனுக்கு அயற்சொல்லை ஏற்கும் ஆற்றல் குறைவு என்று எண்ணிவிடலாகாது. அப்பகுதியார் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, அது மேலும் குறுகி மல்லாட்டை ஆயிற்று. பிலிப்பைன்சுத் தலைநகரின் பெயர் எவரும் கற்பிக்காமலே உழவர் வாயில் தமிழாகிவிட்டது. நாள்தோறும் கையாண்டமையே அதற்குக் காரணம்.

இணையவழி வகுப்பில் இல்லாதது இக்கையாட்சியே. 2020 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பத்து, பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 சனவரி 19-இல் மீண்டும் பள்ளி புகுந்தனர். இடையில் மறுபடியும் மூடப்பட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-இலும், ஒன்று முதல் எட்டு வரையிலானவை நவம்பர் 1-இலும் திறக்கப்பட்டன. இளஞ்சிறார் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வகுப்பறையைக் காணவில்லை. 2019 ஆகஸ்டு 26-இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி அக்காலத்துப் பாடங்களை வீடுதோறும் கொணர்ந்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தமையால், செல்பேசி உடையார் அவற்றின்வழிக் காணொளிப் பாடங்களைக் காணவும் இயன்றது. ஆயினும் வீட்டில் செல்பேசி இருத்தல் வேறு. அது மாணவன் கைக்கு வருதல் வேறு. இந்திய ஊர்ப்புறங்களைப் பற்றிய 2021-ஆம் ஆண்டு ஏசர் அறிக்கையின்படி, பள்ளியிற் சேர்ந்த சிறாருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வீட்டில் திறன்பேசி இருந்தது. அவ்வீடுகளிலும் நான்கில் ஒரு பங்குச் சிறார்க்கு அது கிட்டவில்லை. தந்தை வேலைக்குச் செல்லுங்கால் செல்பேசியும் உடன் செல்லும் என்பதை ஊர்ப்புறம் அறிந்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சொற்கல்வி பற்றிய அளவில் இதன் விளைவு யாது? காணொளியில் ஆங்கிலச் சொல்லொன்று ஒருமுறை ஒலிக்கின்றது. திரையில் அதன் எழுத்து வடிவும் ஆங்கிலத்திலேயே பொருள் விளக்கமும் தோன்றுகின்றன. மாணவன் அதனைக் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதுகின்றான். அவன் செய்தது எழுத்தைப் பார்த்து எழுதியதேயன்றிச் சொல்லைக் கற்றதன்று. வகுப்பு மீண்டும் நேர்முகமானபின் பல இடங்களில் 'கலப்பு' எனப் பெயர் பெற்றதும் இதுதான்: பகலில் பாடம், இரவில் செல்பேசிக் குழுவிற்குச் சொற்பட்டியல். இரு பொருளை ஒரு கலத்தில் இட்டமையானே அவை கலந்துவிட்டன ஆகா.

கலப்புக் கற்றல் நேர்முக வகுப்பினும் மேம்பட்ட பயன் தந்தது என்பதற்குப் பெரிதும் சுட்டப்படுவது, அமெரிக்கக் கல்வித்துறைக்காக பார்பரா மீன்சும் உடனாய்வாளரும் செய்து 2009-இல் வெளிவந்து 2010-இல் திருத்தம்பெற்ற தொகுப்பாய்வு. அதனைச் சுட்டுவோர் பலர் அதன் எச்சரிக்கையைச் சுட்டுவதில்லை. கலப்பு வகுப்புகளில் மாணவர்க்குக் கூடுதலான காலமும் கூடுதலான பாடப்பொருளும் கிடைத்திருந்தன. ஆகலின் அம்மேம்பாட்டைக் கருவிக்கே உரியதாகக் கொள்ளலாகாது என்பதை அவ்வாய்வாளரே தெளிவுபடுத்தியுள்ளனர். சொல்லைப் பொறுத்தவரையில் இது பெரிதும் பொருந்தும். சொல்லை நிலைபெறச் செய்வது மீண்டும் மீண்டும் எதிர்ப்படுதல். அதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை வகுப்பறைக்கு வெளியே தேடித்தருதலே கருவியின் தலையாய உதவி.

மறதியின் போக்கை 1885-இல் எபிங்ஹாஸ் தம்மையே ஆய்வுப்பொருளாக்கி அளந்து காட்டினார். கற்றவுடன் விரைந்து நிகழும் மறதி, பின்னர் மெல்ல நடைபெறுகின்றது. எனவே ஒரே மாலையில் பத்துமுறை ஓதுவதினும், இடைவெளி விட்டுச் சிலமுறை நினைவுகூர்தல் பயன் மிகுதியும் உடையது. எத்துணை முறை என்பதில் ஆய்வாளரிடை வேறுபாடு உண்டு. ஸ்டூவர்ட் வெப் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துமுறை எதிர்ப்பட்ட சொல்லைப் பற்றிய அறிவு மிகுதியும் வளர்ந்ததெனினும், முழுமை எய்துதற்கு அதனினும் மிகுதி வேண்டும் எனக் கண்டார். இவ்வுண்மையைப் பாடநூல் அமைப்பில் முன்னரே கையாண்டவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் பணியாற்றிய அவர், வங்காளச் சிறுவர்க்கு எழுதிய வாசகங்களில் புதுச்சொற்களை அளவறிந்து நுழைத்து, நுழைத்த சொல்லை அடுத்தடுத்து வரச்செய்தார். அவர் 1953-இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. சென்னை மாநிலத்திலோ 1950-களின் இறுதியில் ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆசிரியர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியளிக்கும் பேரியக்கம் மேற்கொள்ளப்பட்டது. அதன் பாடத்திட்டத்தில் தொடரமைப்புகள் தலைமை பெற்றன. சொற்கள் அவ்வமைப்பின் இடங்களை நிரப்பும் அளவில் நின்றன. அதன் தாக்கம் நெடுங்காலம் நீடித்தது என்றே கருதத் தோன்றுகின்றது.

இனித் தமிழ் மரபிற்கு வருவோம். திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். முதுமாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை முன்னின்று நடத்த, இளையோர் மனப்பாடமானவற்றை முறைவைத்து ஒப்பித்தனர். அவ்வாறு ஓதப்பட்ட நூல்களுள் நிகண்டும் ஒன்று. சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரு தொகுதிகளை உடையது. முதற் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகை பற்றி ஒருபொருட் பலசொற்களைத் தொகுப்பன. பதினோராவது, ஒருசொற் பலபொருளைக் கூறுவது. அஃது எதுகையடிப்படையில் அடுக்கப்பட்டமையால் நினைவிற்கு எளிதாயிற்று. இத்தொகுதி தனிநூல் போலவே பயிலப்பெற்றமையும், ஆறுமுக நாவலர் 1849-இல் அச்சிட்ட முதல் நூல்களுள் சூடாமணி நிகண்டுரை இடம்பெற்றமையும் அதன் கல்விப்பயனைக் காட்டுவன.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. நிகண்டு ஓதியவுடன் மாணவன் சொல்லறிவு பெற்றுவிட்டான் என எவ்வாசிரியரும் கருதியதில்லை. நிகண்டு ஓதுதல் ஆசிரியர் இல்லாப்பொழுதிலும், சட்டாம்பிள்ளை முன்னிலையிலும் நிகழ்வது. ஆசிரியர் முன்னிலையில் நிகழ்வது பாடங்கேட்டல். அந்தாதியிலோ பிள்ளைத்தமிழிலோ அச்சொல் வந்தவிடத்து, 'ஈண்டு இச்சொற்கு இப்பொருளே பொருந்தும். பிற பொருந்தா' என ஆசிரியர் வரையறுப்பார். நினைவிற்குரியது ஒருபால், பொருளுணர்விற்குரியது ஒருபால் எனப் பணி பகுக்கப்பட்டிருந்தது. கலப்புக் கற்றலுக்கு இன்று தேடப்படும் இலக்கணம் இப்பகுப்பே என்க. மனப்பாடம் என்றவுடன் முகஞ்சுளிப்பார் அதன் ஒருபாதியையே அறிந்தவர்.

இப்பகுப்பின்படி செல்பேசிக்கு உரியவை இரண்டு: ஒலியும் மீள்நினைவும். ஒலியைத் தமிழெழுத்தால் குறித்துக்கொள்ளும் மாணவன் இடர்ப்படுவான். பயிரை அழிக்கும் பூச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், மிகச் சிறந்தது எனப் பொருள்படும் சொல்லும் தமிழெழுத்தில் பெஸ்ட் என ஒன்றாகவே எழுதப்படும். ஆட்டிற்கும் மேலங்கிக்கும் உரிய சொற்களோ கோட் என்று நின்றுவிடும். இவற்றின் வேறுபாட்டைச் செவி அறிய வேண்டும். வேண்டும்போதெல்லாம் சலிப்பின்றி அதே ஒலியைத் திரும்பக் கூறுதல் கருவிக்கு எளிது; அறுபது மாணவரை எதிர்நோக்கும் ஆசிரியர்க்கு அரிது. மீள்நினைவும் அத்தகையதே. இன்று கற்ற சொல்லை நாளையும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், மூன்று கிழமை கழித்தும் வினவுமாறு செயலிகள் அமைந்துள்ளன. வினாவிற்கு விடையை மாணவன் தன் நினைவிலிருந்து எடுத்துக் கூற வேண்டும். நான்கு விடையுள் ஒன்றைத் தொட்டுக்காட்டுதல் போதாது. செயலிகள் பலவற்றின் குறை இதுவே. அவை அடையாளங்காணலைக் கற்றலாக எண்ணி மதிப்பெண் வழங்கிவிடுகின்றன.

பொருளுணர்த்தல் கருவிக்கு உரியதன்று என்பதற்குத் தொல்காப்பியர் துணை நிற்கின்றார். உரியியலில் அவர், யாவர்க்கும் விளங்கிய சொற்கு விளக்கம் வேண்டா, விளங்காதனவற்றையே கூறுதும் என வரையறுத்துக்கொள்கின்றார். பயின்ற சொல்லைக்கொண்டு பயிலாத சொல்லை விளக்குதல் அவர் நெறி. அன்றியும், ஒரு சொல்லின் பொருளைக் கூறிய சொற்கும் பொருள் வினவின், அவ்வினா முடிவின்றி நீளும் என எச்சரிக்கின்றார். முடிவாக, பொருளுணர்ச்சி உணர்வோனது ஆற்றலைப் பற்றியே நிற்கும் என்கின்றார். ஒருபொருட் சொல்லாலும் தொடர்மொழியாலும் விளக்குதல், பொருளையே காட்டுதல் ஆகிய வழிகளைச் சேனாவரையர் தம் உரையிற் குறிக்கின்றார்.

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் இணைய அகராதியைக் கீழ்பென்னாத்தூர் மாணவன் திறக்கின்றான் எனக் கொள்வோம். ஒரு சொல்லின் விளக்கத்தில் அவன் அறியாச் சொற்கள் இரண்டு. அவற்றைத் தேடின் மேலும் நான்கு. தொல்காப்பியர் சுட்டிய எல்லையின்மையில் அவன் தள்ளப்பட்டுவிட்டான். அவனுக்குப் பயின்ற சொல் தமிழ்ச்சொல்லே. 'ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைதல் ஆகாது' என்னும் கட்டுப்பாடு, அவன் கைக்கொண்டிருக்கும் ஒரே திறவுகோலைப் பறித்தலோடு ஒக்கும். இது தமிழ்ப்பற்றால் யாம் கூறும் உரையன்று. பாத்தியா லாஃபர், நானி கிர்சாய் ஆகிய இருவரும் எபிரேய மொழி பேசும் மாணவரிடைச் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியோடு ஒப்பிட்டும் மொழிபெயர்த்தும் சொற்கற்ற பிரிவினரே ஏனைய பிரிவினரினும் மிகுதியான சொற்களை நிலைநிறுத்தினர்.

ஒப்பீடு எனின் ஒரு சொற்கு ஒரு சொல் வைத்தல் அன்று. தமிழில் சட்டை போடுகின்றோம், விளக்குப் போடுகின்றோம், கையெழுத்துப் போடுகின்றோம், காப்பி போடுகின்றோம், சண்டையும் போடுகின்றோம். ஆங்கிலத்தில் இவ்வைந்திற்கும் ஐந்து வினைகள். மாணவன் எல்லாவிடத்தும் புட் என்னும் ஒன்றையே ஆள்வதற்குக் காரணம் அறியாமையன்று. தமிழின் சொல்லமைதியை அவன் நன்கு அறிந்திருத்தலே. கேள் என்னும் வினை வினவுதலையும் செவிமடுத்தலையும் குறித்தலால், ஆஸ்க், ஹியர், லிசன் என்னும் மூன்றும் அவனுக்கு மயங்குகின்றன. பார் என்பதும் அன்னதே. முன்னரே தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் தரும் இடரோ வேறுவகை. ஹோட்டல் என்றால் அவனுக்கு உணவுவிடுதி. ஆங்கிலேயனுக்குத் தங்கும் விடுதி. கரண்ட் என்றால் மின்சாரம் மட்டுமே. ஆற்றின் நீரோட்டமும் நிகழ்காலத்ததாகிய தன்மையும் அச்சொல்லின் பொருள்கள் என்பதை அறியான். இம்மயக்கங்களைத் தெளிவித்தல் மாணவனின் தமிழை அறிந்த ஆசிரியர்க்கே இயலும். உலகனைத்திற்கும் பொதுவாக இயற்றப்பட்ட செயலி, தமிழ் மாணவன் எங்கே தவறுவான் என்பதை முன்னுணர்ந்து அமைந்ததன்று.

ஒரு கிழமைக்குரிய சொற்றொகுதி ஒன்றை எடுத்துக்காட்டாக அமைத்துப் பார்ப்போம். மல்லாட்டைப் பயிரையே பொருளாகக் கொண்டு, சாயில், சீடு, ஸோ, ரூட், பெஸ்ட், யீல்டு, ஹார்வெஸ்ட், ஸ்டோர் என எட்டுச் சொற்கள். முதல்நாள் வகுப்பில் ஆசிரியர் பயிரையும் காயையும் காட்டித் தமிழிற் பொருள் கூறுவார்; சேனாவரையர் குறித்த வழி இது. அன்று மாலை மாணவன் செல்பேசியில் ஒலியைக் கேட்டுத் திருப்பிச் சொல்வான். அப்போது விதையைக் குறிக்கும் சொல்லுக்கும் இருக்கையைக் குறிக்கும் சொல்லுக்கும் இறுதி ஒலியில் உள்ள வேறுபாடு அவன் செவிக்குப் புலனாகும். ஸோ என்பதில் இடர் எதிர்முகமானது: விதைத்தல், தைத்தல், ஆகவே என்னும் மூன்றற்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு. இங்குச் செவி உதவாது. கையால் எழுதிப் பழகுதல் வேண்டும். மூன்றாம் நாள் வகுப்பில் பலபொருள் ஆராயப்படும். யீல்டு விளைச்சலையும் குறிக்கும், இணங்கி வழிவிடுதலையும் குறிக்கும். ஸ்டோர் கடையுமாம், சேமித்துவைத்தலுமாம். ஐந்தாம் நாள் மாணவன் தன் வீட்டாரிடம் அவ்வாண்டு விளைச்சலைப் பற்றி வினவியறிந்து, ஆங்கிலத்தில் ஐந்தாறு தொடர் எழுதிக்கொணர்வான். அதனைப் படித்து ஆசிரியர் திருத்துவார். இடைநாள்களிலும் பின்வரும் கிழமைகளிலும் செல்பேசி அவ்வெட்டுச் சொற்களையும் இடைவெளிவிட்டு வினவும். இவ்வாறு ஒரு சொல் ஒரு திங்களில் பன்முறை, அதுவும் பல்வேறு வடிவில், அவன்முன் வந்து நிற்கும்.

செல்பேசி இல்லாதான் செய்வது யாது? ஜெர்மானியராகிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட முறை இதற்குப் போதும். ஒருபுறம் ஆங்கிலச் சொல்லும் மறுபுறம் தமிழ்ப் பொருளும் எழுதிய அட்டைகளைச் சில அறைகள் கொண்ட பெட்டியில் இட்டு, நினைவுகூர்ந்த சொல்லின் அட்டையை அடுத்த அறைக்கு மாற்றுதலும், மறந்ததனை முதலறைக்கு மீட்டலும் அம்முறை. முதலறை நாள்தோறும் பார்க்கப்படும். ஏனையவை வரவர இடைவெளி மிகுத்துப் பார்க்கப்படும். செயலிகள் பல செய்வதும் அடிப்படையில் இதுவே. ஒலி ஒன்றற்கு மட்டும் பிறர் துணை வேண்டும். 2021 அக்டோபர் 27-இல் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலைவேளைகளில் ஊர்த் தன்னார்வலர் சிறாரை ஒருங்கமர்த்திக் கற்பித்தனர். அத்தகைய மாலைக்கூட்டத்தில் ஒரு செல்பேசி இருபது செவிகட்குப் பயன்படும். சட்டாம்பிள்ளை முறை புதுவடிவில் மீண்டதாகவே அதனை யாம் காண்கின்றோம்.

உயர்கல்வியில் ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழி நடத்தலாம் என 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் கலப்புக் கற்றல் கருத்துருவில் முன்மொழிந்தது. அவ்வளவை நிரப்புதற்கு வகுப்புரைகளையே பதிந்து அனுப்பிவிடுதல் எளிய வழி. சொற்பயிற்சிக்கு அதனால் பயன் சிறிது. அந்நேரம் ஒலிக்கும் மீள்நினைவிற்கும் ஒதுக்கப்படின், எஞ்சிய 60 விழுக்காட்டில் ஆசிரியர் சொல்லாட்சியைக் கவனிக்க இடமுண்டு.

இதற்குத் தேவையான கருவிநூல் ஒன்று இன்னும் கைக்கு எட்டவில்லை. ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் உள; ஆயின் அவை அகரவரிசையில் அமைந்து, எல்லாப் பொருளையும் ஒருசேரக் குவித்துத் தருவன. பள்ளிப் பாடநூல்களில் பயிலும் ஆங்கிலச் சொற்களுள் பலபொருள் உடையனவற்றை மட்டும் பிரித்தெடுத்து, சூடாமணியின் பதினோராந் தொகுதி போன்று நினைவிற்கு எளிய ஒரு வைப்புமுறையில் அடுக்கி, தமிழில் முன்னரே வழங்கும் பொருள் இது, பாடநூலில் வரும் பொருள் இது என இருநிரலாகக் காட்டும் சிறுநூலொன்று வேண்டும். போடு, பார், கேள் போன்ற தமிழ்வினைகளுக்கு இடத்திற்கேற்ப வரும் ஆங்கில வினைகளை அதன் பின்னிணைப்பாகத் தரலாம். தமிழ்ச் சொல்லின் பொருட்பரப்பை நுணுகி அறிந்தாரன்றிப் பிறர் இதனைச் செய்தல் அரிது. முதுகலை மாணவர் சிலர் ஒருங்கிணைந்து, ஆறு முதல் பத்து வரையிலான ஐந்து வகுப்புகளின் பாடநூல்களை ஆளுக்கொன்றாகப் பகுத்துக்கொள்வாராயின், ஓராண்டிற்குள் முதற்படி ஒன்றை உருவாக்கிவிடலாம்.